நண்பகலில் கப்பல் எங்கே இருந்தது என்று எழுதி ஒட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் வாசகர் பகுதியில் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். சென்னையிலிருந்து சொகுசுக் கப்பலில் இரண்டு ராத்திரி, ஒரு பகல் குடும்பத்தோடு போய்வந்தாராம். சாப்பாடு பிரமாதம், அறை சுத்தம், ஆனால் அந்த ஒரு பகல் முழுக்கக் கடலைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை, சென்னையில் ஏற்றிச் சென்னையிலேயே இறக்கிவிட்டார்கள், பணம் தண்டம் என்று முடித்திருந்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. போன ஆகஸ்டில் நானும் அதே மாதிரி ஒரு பயணம் போனேன். அவர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கடிதம்.

நான் கப்பல்காரன். 1986 முதல் 2017 வரை 31 வருஷம் எஞ்சின் ரூம் ஃபிட்டர். தூத்துக்குடியில் ஐ.டி.ஐ. முடித்து, இரண்டு வருஷம் லேத் பட்டறையில் நின்றுவிட்டு, பம்பாய் போய் முதல் கப்பல் ஏறினேன். நிலக்கரி, கோதுமை, இரும்புத் தாது, கச்சா எண்ணெய் என்று எதையெதையோ சுமந்த கப்பல்கள். பயணிகளைச் சுமந்த கப்பல் ஒன்றுகூடக் கிடையாது. அப்பாவை ஒரு தடவையாவது டிக்கெட் எடுத்துக் கப்பலில் ஏற்றிவிட வேண்டும் என்று என் மகள் பிடிவாதமாக இருந்து, எனக்கும் வீட்டுக்காரிக்கும் பதிவு செய்துவிட்டாள். எந்த நிறுவனம், எந்தக் கப்பல் என்று எழுதப்போவதில்லை. காரணம் பின்னால் வரும்.

31 வருஷம் கடலில் இருந்தவன் என்றால் 31 வருஷம் கடலைப் பார்த்தவன் என்று ஊரில் நினைக்கிறார்கள். எஞ்சின் ரூம் இருப்பது தண்ணீர் மட்டத்துக்குக் கீழே. ஜன்னல் கிடையாது. வெப்பக் கடல் பக்கம் ஓடும்போது 45 டிகிரி சூடு. காலை எட்டு மணிக்கு இறங்கினால் சாயங்காலம் ஐந்துக்கு வேலை முடியும், அதுவும் எதுவும் உடையாமல் இருந்தால். நடுவில் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் டீ. கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு கப்பலின் பின்பக்கத் தளத்தில் போய் நிற்பேன். பத்து நிமிஷம். நான் பார்த்த கடல் அவ்வளவுதான். அதுவும் முன்னால் வருவது தெரியாது, கடந்துபோனதுதான் தெரியும்.

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

கிளம்பும் முன் பாதுகாப்புப் பயிற்சி நடந்தது. ஏழு குட்டை ஊதல், ஒரு நெட்டை ஊதல். கேட்டதும் அவரவருக்குக் குறித்த இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் லைஃப் ஜாக்கெட் போட்டுக் காட்டிய பெண்ணோடு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். "இதெல்லாம் சும்மா ஃபார்மாலிட்டி சார்" என்றார் பக்கத்தில் நின்றவர். அவருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியில் ஜீலியோ தீவுக்குப் பக்கத்துப் பாறையில் கோஸ்டா கான்கார்டியா என்ற பெரிய பயணிகள் கப்பல் மோதிச் சாய்ந்தது. 32 பேர் செத்துப்போனார்கள். பயணிகள் ஏறி 24 மணி நேரத்துக்குள் பயிற்சி கொடுத்தால் போதும் என்பது அப்போதைய விதி. அன்று ஏறிய சில நூறு பேருக்கு அது இன்னும் நடக்கவே இல்லை. அதற்கப்புறம்தான், கிளம்பும் முன்னாலேயோ கிளம்பிய கையோடோ நடத்தியாக வேண்டும் என்று உலகம் முழுக்க விதியை மாற்றினார்கள்.

என் கதை ஒன்றும் உண்டு. 1998இல் நான் இருந்த கப்பலில் எண்ணெய் சுத்திகரிக்கும் அறையில் தீப்பிடித்தது. விளக்கெல்லாம் போய்விட்டது. புகையில் என் கை எனக்கே தெரியவில்லை. கைப்பிடிக் கம்பியைத் தடவிப் பிடித்து ஏறினேன். முதலில் 14 படி, திரும்பினால் 11 படி, அப்புறம் கதவு. இரண்டு மாதம் முன்னால்தான் எங்கள் செகண்ட் எஞ்சினியர் கண்ணைத் துணியால் கட்டி எங்களை அதே படியில் ஏறவைத்திருந்தார். அன்றைக்கு அவரைத் திட்டாத ஆள் இல்லை. இன்றைக்கும் எந்த லாட்ஜில் தங்கினாலும், அறையிலிருந்து மாடிப்படி எத்தனையாவது கதவு என்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் செருப்பைக் கழற்றுவேன். இந்தக் கப்பலில் எங்கள் கேபினிலிருந்து இடப்பக்கமாக ஒன்பதாவது கதவு. வீட்டுக்காரி சிரித்தாள். சிரித்துவிட்டு அவளும் எண்ணினாள்.

ஏழு மணி வாக்கில் கயிறு அவிழ்த்தார்கள். எல்லோரும் மேல்தளத்தில் பாட்டும் ஆட்டமுமாக இருக்க, நான் கீழ்த்தளத்தில் ஓரமாக நின்று பைலட் இறங்குவதைப் பார்த்தேன். துறைமுகத்தை விட்டு வெளியே வரும்வரை கப்பலுக்கு வழி சொல்கிறவர் அவர்தான். அலைதடுப்புச் சுவரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போனதும் ஒரு சின்னப் படகு ஓடிவந்து கப்பலோடு ஒட்டிக்கொண்டது. கயிற்று ஏணியில் இறங்கியவர் கடைசிப் படியில் நின்றுகொண்டார். படகு ஒரு அலை எழும்பியது, விட்டுவிட்டார். இரண்டாவது அலையும் விட்டார். மூன்றாவதில் சட்டென்று காலை எடுத்து வைத்தார். படகு திரும்பிப் போகும்போது கையைத் தூக்கிக் காட்டினார். மேல்தளத்தில் அப்போது வேறு எதற்கோ கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் செல்போன் சிக்னல் போனது. கடைசியாக மெரினா கலங்கரை விளக்கின் வெளிச்சமும் முங்கியது.

ராத்திரி மூன்றரைக்கு முழிப்பு வந்தது. சத்தம் கேட்டு அல்ல, சத்தம் குறைந்து. எஞ்சின் இரைச்சலில் தூங்கிப் பழகியவனுக்கு இரைச்சல் குறைந்தால்தான் தூக்கம் கலையும். தரையில் காலை வைத்துப் பார்த்தேன். உள்ளங்காலுக்கு வந்துகொண்டிருந்த அதிர்வு பாதியாகிவிட்டது. ஒரு எஞ்சினை நிறுத்திவிட்டார்கள். எட்டு நாட் ஓடினால் அதிகம், அதாவது மணிக்கு 15 கிலோமீட்டருக்குள். எங்கேயும் போய்ச் சேர வேண்டாத கப்பல் எதற்கு எண்ணெயை எரிக்க வேண்டும்? சீஃப் எஞ்சினியர் கணக்குத் தெரிந்தவர்தான் என்று நினைத்துக்கொண்டு படுத்துவிட்டேன்.

எங்கள் கேபின் போர்ட் பக்கம், அதாவது கப்பலின் முகப்பைப் பார்த்து நின்றால் இடது கைப் பக்கம். விடிந்ததும் சூரியன் நேரே ஜன்னலில் வந்து நின்றது. அப்படியென்றால் கப்பல் தெற்கே போகிறது. காலைச் சாப்பாட்டில், பொங்கலுக்கு நின்ற வரிசையில் முன்னாலிருந்தவர் கேட்டார்: "நாம இப்ப எங்க சார் போறோம்?"

"தெற்க போறோம்."

"இலங்கைக்கா?"

"இல்ல. சாயங்காலம் திரும்பிருவான்."

அவருக்கு முகம் விழுந்துவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. கேள்வி சரியான கேள்வி. கப்பல் முழுக்க எட்டுத் தளத்திலும் தேடிப் பார்த்துவிட்டேன், கப்பல் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு மேப் இல்லை. இன்றைக்கு எத்தனை மணிக்கு என்ன நடனம், எந்தக் கடையில் என்ன தள்ளுபடி என்று மட்டும் நாலு பக்கத்துக்கு அச்சடித்துக் கொடுத்தார்கள்.

மேல்தளத்துக்குப் போனேன். சாய்வு நாற்காலிகள் வரிசை வரிசையாகக் கிடந்தன. அத்தனையும் நீச்சல் குளத்தையும் பெரிய திரையையும் பார்த்து. கடலைப் பார்த்து ஒன்றுகூட இல்லை. நான் ஒன்றைத் தூக்கித் திருப்பிப் போட்டு உட்கார்ந்தேன். வெயிலுக்குத் தொப்பி எடுக்கப் போய்வருவதற்குள் ஒரு ஊழியர், பாவம், அவர் வேலை அது, பழையபடி உள்பக்கமாகத் திருப்பி வைத்திருந்தார். ஒன்பது மணிக்கு ஒலிபெருக்கி ஆரம்பித்தது. கல்யாண மண்டபத்தைப் பெயர்த்துக் கொண்டுவந்து கடலில் மிதக்கவிட்ட மாதிரி. கடிதம் எழுதிய அன்பர் இந்தத் தளத்தில்தான் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார் என்று நினைக்கிறேன். அங்கே உட்கார்ந்தால் பார்க்க ஒன்றுமில்லைதான்.

நாங்கள் இறங்கிவிட்டோம். உயிர்காப்புப் படகுகள் தொங்கும் இடத்துக்குக் கீழே, கப்பலின் ஓரமாக ஒரு நீளமான நடைபாதை இருக்கும். பாட்டு இல்லை, கடை இல்லை, அதனால் ஆளும் இல்லை. ஆகஸ்டில் காற்று கச்சான், அதாவது மேற்கிலிருந்து வீசுவது, எங்களுக்கு வலது பக்கமிருந்து வந்தது. இடது பக்கம் மறைவாக இருந்தது. கப்பல் ஓரத்தில் தண்ணீர் பிளக்கிற இடத்திலிருந்து கோலா மீன்கள் கிளம்பின. முதலில் ஒன்றிரண்டு, அப்புறம் ஒரு கூட்டம், வெள்ளிக்காசை வீசி எறிந்த மாதிரித் தண்ணீருக்கு ஒரு முழம் மேலே விரைந்துபோய் அலை முகத்தில் செருகிக்கொண்டன. வீட்டுக்காரி இந்த மீனைச் சந்தையில் பார்த்திருக்கிறாள், ஆய்ந்திருக்கிறாள், குழம்பு வைத்திருக்கிறாள். பறந்து பார்த்தது இல்லை. அரை மணி நேரம் கம்பியை விட்டு நகரவில்லை.

அப்புறம் சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இம்புட்டு வருசமும் இதைத்தான் பாத்துக்கிட்டு இருந்தியளா?"

"இல்ல, இதுக்குக் கீழ இருந்தேன்" என்றேன்.

பத்து மணி சுமாருக்குக் கிழக்கே ஒரு கப்பல் தெரிந்தது. முதலில் பின்பக்கக் கட்டடம் மட்டும், தண்ணீரிலிருந்து முளைத்த வெள்ளைப் பல் மாதிரி. நாங்கள் நின்ற இடம் தண்ணீரிலிருந்து 15 மீட்டர் உயரம் இருக்கும். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் சுமார் 14 கிலோமீட்டரில் இருக்கிறது. அதற்கு அந்தப் பக்கம் இருக்கிற கப்பலின் அடிப்பாகம் பூமியின் வளைவில் மறைந்திருக்கும். கால் மணி நேரத்தில் முழுசாக மேலே வந்தது. நல்ல பாரம், சிவப்புப் பெயின்ட் கொஞ்சம்கூடத் தெரியாமல் அமிழ்ந்து போனது. எண்ணூருக்கு நிலக்கரி கொண்டுபோகிறதோ என்னவோ. மணியைப் பார்த்தேன். அதன் பின்தளத்தில் இப்போது ஒருத்தன் டீ கிளாஸோடு வந்து நின்றிருப்பான். நம் கப்பலைப் பார்த்து என்ன நினைப்பான் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நானே நினைத்திருக்கிறேன், எழுத முடியாத வார்த்தைகளில்.

நண்பகலைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாங்கள் போனது ஆகஸ்ட் மூன்றாவது வாரம். சென்னை இருக்கிற அட்சரேகையில் வருஷத்துக்கு இரண்டு தடவை, ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் 18 வாக்கிலும், சூரியன் நேர் உச்சிக்கு வரும். நிழலில்லா நாள் என்று பள்ளிக்கூடங்களில் குச்சி நட்டுக் காட்டுவார்கள். அது ஞாபகம் வந்து, பதினொன்றே முக்காலுக்குத் திறந்த தளத்துக்குப் போனோம். என் பேனாவை ஒரு மேசை மேல் நிமிர்த்திப் பிடித்தேன். நிழல் ஒரு அரிசி நீளம் இருந்தது. குறைந்துகொண்டே வந்து, என் கடிகாரத்தில் 12 தாண்டி நாலு நிமிஷத்தில் பேனாவுக்கு அடியில் ஒளிந்துகொண்டது. வீட்டுக்காரி தன் காலடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். தலை நிழல் காலிலேயே விழுந்திருந்தது.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சென்னையில் அந்த வாரத்தில் இது நடக்கும்போது கடிகாரம் 12.13 காட்டும். நம் இந்திய நேரம் கணக்கிடப்படுவது கிழக்கே 82½ டிகிரி தீர்க்கரேகையை வைத்து. சென்னை அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் அங்கே கொஞ்சம் தாமதமாக உச்சிக்கு வருகிறது. அந்த ரேகையின் மேலேயே நின்றால் 12.04க்கு வரும். ஆக, என் பேனா பொய் சொல்லவில்லையென்றால், நாம் எல்லோரும் எந்த நேரத்தைக் கடிகாரத்தில் வைத்திருக்கிறோமோ அந்தக் கோட்டுக்கு மிகப் பக்கத்தில் நாங்கள் மிதந்துகொண்டிருந்தோம். சென்னையிலிருந்து 120, 130 கடல்மைல். இரண்டாயிரம் பேர் ஏறியிருப்போம். பக்கத்தில் குலாப் ஜாமூன் தின்னும் போட்டி நடந்துகொண்டிருந்தது.

வரவேற்பு மேசையில் போய், நண்பகல் நிலை என்ன என்று கேட்டேன். அந்தப் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "நாளை காலை சென்னை சார்" என்றாள்.

சரக்குக் கப்பலில் இது ஒரு பழக்கம். நண்பகலில் கப்பல் இருந்த இடம், 24 மணி நேரத்தில் ஓடிய தூரம், வேகம் எல்லாவற்றையும் மேலேயிருந்து ஒரு துண்டுச் சீட்டில் எழுதி எஞ்சின் ரூமுக்கு அனுப்புவார்கள். நூன் சிலிப் என்போம். ஜன்னலில்லாத இடத்தில் இருக்கிற எங்களுக்கு அந்தச் சீட்டுதான் ஜன்னல். மெஸ்ஸில் தொங்கிய உலக மேப்பில் நான் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டே போவேன்.

மூன்று மணிக்கு அந்த நடைபாதையில் மறுபடி நின்றோம். 'ஊழியர்களுக்கு மட்டும்' என்று எழுதிய கதவு திறந்து, பாய்லர் சூட் போட்ட ஒரு பையன் வெளியே வந்தான். பயணிகள் இருப்பதைப் பார்த்துத் திரும்பப் போனவனை, "இருப்பா" என்றேன். முழங்கைக்குக் கீழே கோடு போட்ட மாதிரிச் சூட்டுக் காயம். ஸ்டீம் பைப் பட்டால் அப்படித்தான் விழும். நான் என் சட்டைக் கையைச் சுருட்டி என்னுடையதைக் காட்டினேன். பையனுக்கு முகம் மாறிவிட்டது. "அண்ணாச்சி எஞ்சினா?" என்றான். நம் பக்கத்துப் பையன். ஊர்ப் பெயரை எழுதமாட்டேன்.

கீழே நடப்பதை அவன் சொல்லச் சொல்ல எனக்கு உள்ளே இறங்கிப் பார்க்க வேண்டும் போல இருந்தது. காலையில் லிஃப்டில் ஒரு அம்மா, குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கிறது என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார். அதில் உப்பே இருக்காது, ருசியே இல்லாத தண்ணீர் அது. எஞ்சினைக் குளிர்விக்கப் போய்ச் சூடாகி வரும் தண்ணீரை வைத்தே கடல்நீரைக் காய்ச்சுவார்கள்; உள்ளே காற்றழுத்தத்தைக் குறைத்துவிட்டால் ஐம்பது, அறுபது டிகிரியிலேயே கொதிக்கும், ஆவியைப் பிடித்தால் நல்ல தண்ணீர். அந்த இயந்திரத்தில் ஒரு பம்ப் காலை நாலு மணிக்கு நின்று, இவன் கழற்றி மாட்டியிருக்கிறான். மேலே யாருக்கும் ஷவர் நிற்கவில்லை. 24 மணி நேரத்தில் பத்து மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று சர்வதேசச் சட்டம் இருக்கிறது. "காகிதத்துல கரெக்டா இருக்கும் அண்ணாச்சி" என்றான். வெயிலைப் பார்த்து நாலு நாள் ஆகிறதாம். கண்ணைச் சுருக்கிக்கொண்டு கடலைப் பார்த்தபடி நின்றான். வீட்டுக்காரி கைப்பையிலிருந்து மக்ரூன் எடுத்துக் கொடுத்தாள். பத்து நிமிஷம் முடிந்தது. போகும்போது நண்பகல் நிலையைக் கேட்டேன். கேபின் நம்பரைக் கேட்டுக்கொண்டு இறங்கிவிட்டான்.

சாயங்காலம் சூரியன் அடைந்தது. எந்த ஜன்னலில் உதித்ததோ அதே ஜன்னலில். வரிசையில் கேட்டவரைத் தேடிப்போய் அறைக்குக் கூட்டிவந்து காட்டினேன்: காலையில் இடது கையில் கிழக்கு, இப்போது இடது கையில் மேற்கு, கப்பல் வடக்கே திரும்பிவிட்டது. அவருடைய சின்னப் பெண் உடனே புரிந்துகொண்டாள். அவருக்கு இரண்டு தடவை கையால் கப்பல் செய்து காட்ட வேண்டியிருந்தது. ராத்திரி மேற்கே, கரை இருக்கும் திசையில், சத்தமில்லாமல் மின்னிக்கொண்டே இருந்தது. சென்னையில் மழை என்று மறுநாள் தெரிந்தது.

இப்போது நிறுவனங்களிடம் நான் கேட்பது பெரிய செலவு இல்லை. ஒரு தளத்தில், ஒரே ஒரு பக்கத்தில், நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பிப் போட்டு ஒலிபெருக்கியை அவிழ்த்துவிடுங்கள். தினமும் நண்பகலில் கப்பல் இருந்த இடத்தை ஒரு மேப்பில் குறித்து, ஆழம் எவ்வளவு, கரை எவ்வளவு தூரம் என்று எழுதிப் படிக்கட்டுப் பக்கம் ஒட்டுங்கள். குழந்தைகள் வந்து பார்ப்பார்கள். முடிந்தால் எஞ்சின் கட்டுப்பாட்டு அறையிலிருந்து யாராவது ஒருவரைச் சுத்தமான சட்டையில் மேலே வரச்சொல்லி அரை மணி நேரம் பேசவிடுங்கள். அவருக்கும் வெயில் கிடைக்கும். கடிதம் எழுதிய அன்பருக்கும் ஒரு வார்த்தை: அடுத்த தடவை போனால் உயிர்காப்புப் படகுகளுக்குக் கீழே போய் நில்லுங்கள், காற்று எந்தப் பக்கமோ அதற்கு எதிர்ப் பக்கம்.

கடைசி ராத்திரி சாப்பிட்டுவிட்டு வந்தபோது கேபின் கதவுக்கு அடியில் ஒரு காகிதம் மடித்துச் செருகியிருந்தது. ஓரத்தில் எண்ணெய் விரல் பட்ட கறை. பென்சிலில் எழுதியிருந்தான்: 12 டிகிரி 51 நிமிடம் வடக்கு, 82 டிகிரி 22 நிமிடம் கிழக்கு. அந்த 82½ டிகிரிக் கோட்டுக்கு எட்டு கடல்மைல்தான் பாக்கி. கப்பல் பெயரை நான் எழுதாதது இந்தச் சீட்டுக்காகத்தான்.

அதை என் பழைய சி.டி.சி. புத்தகத்துக்குள், அதாவது கப்பல்காரனின் வேலைப் பதிவுப் புத்தகத்துக்குள், வைத்திருக்கிறேன். அந்தப் புத்தகத்தில் நான் வேலை பார்த்த ஒவ்வொரு கப்பலுக்கும் ஏறிய தேதி, ஏறிய துறைமுகம், இறங்கிய தேதி, இறங்கிய துறைமுகம், முத்திரை எல்லாம் இருக்கிறது. நடுவில் எங்கே இருந்தேன் என்பதற்கு இருப்பது இந்த ஒரு சீட்டுதான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கப்பல் ஃபிட்டர்,
தூத்துக்குடி.